சிறிலின் வெள்ளை ஓடு

என் மகள் றீற்றா பேணாட்டின் பிள்ளைதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களும் கதையின் நடுவில் என் முகத்தைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டாம். உங்களுக்குச் சொல்கிறேன். அவருக்கு இனிச் சொல்லமாட்டேன்.

பேணாட் என் கணவர். திருகோணமலைத் துறைமுகத்தில் வின்ச் ஓட்டுகிறவர். கப்பலின் அடிவயிற்றிலிருந்து மா மூட்டைகளைத் தூக்கி ஜெட்டியில் இறக்குவது அவர் வேலை. ஒரு மூட்டையும் கிழியாமல் இறக்குவார் என்று துறைமுகத்தில் நல்ல பெயர். வீட்டுக்குள் வந்தால் மட்டும் அவர்தான் மூட்டை. யார் கயிற்றை இழுக்கிறார்களோ அந்தப் பக்கம் போவார். அந்தக் கயிற்றை என் மாமி மக்டலினும், பேணாட்டின் தம்பி சிறிலும் கையில் வைத்திருந்தார்கள்.

சிறிலைப் பற்றி நான் நல்லதாக ஒரு சொல்லும் சொல்லப்போவதில்லை. ஓர்ஸ் ஹில்லில் ஒரு வீட்டு விறாந்தையை வாடகைக்கு எடுத்து டியூட்டரி நடத்தினார். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு விலங்கியல் படிப்பித்தார். அவரே பல்கலைக்கழகத்துக்கு எடுபடாதவர்தான். அது ஒரு குற்றமில்லை, நாட்டில் பாதிப்பேர் எடுபடவில்லை. ஆனால் அவர்கள் அந்தப் படிப்பை அடுத்தவர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவருவதில்லை. மீன் தலையைப் பிரித்து இது செவுள், இது மூளை என்று காட்டாமல் சிறிலுக்குச் சோறு இறங்காது. மாமிக்கு அதில் பெரிய பெருமை. "என்ர சின்னவனுக்குத் தெரியாத ஒண்டும் இல்லை" என்று அயலெல்லாம் சொல்லித் திரிவார்.

எழுபத்துமூன்றாம் ஆண்டு மாதா கோவில் மண்டபத்தில் எங்கள் இளைஞர் சங்கம் இரத்ததான முகாம் வைத்தது. மா தட்டுப்பாட்டில் பாணுக்கு விடியுமுன்னே வரிசையில் நின்ற காலம் அது. வயிற்றில் ஒன்றுமில்லாத சனத்திடம் இரத்தம் கேட்கிறார்களே என்று நான் சிரித்தேன். சிறில் அங்கே முதல் தொண்டர். வெள்ளைச் சட்டை போட்டு, கையில் மைக்கைப் பிடித்து, இரத்தம் கொடுக்காதவர்களும் தங்கள் இரத்த இனத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கூப்பிட்டார். குடும்பம் குடும்பமாகப் போனோம். ஏதோ கானிவலுக்குப் போன மாதிரித்தான் இருந்தது.

மேசையில் ஒரு வெள்ளை ஓடு. குளியலறைச் சுவரில் ஒட்டுவார்களே, அந்த ஓடுதான். பக்கத்தில் நீல மருந்து ஒரு சீசா, மஞ்சள் மருந்து ஒரு சீசா. விரலில் குத்தி இரண்டு துளி வைப்பார்கள். ஒன்றில் நீலம், மற்றதில் மஞ்சள். நீலத்தில் இரத்தம் திரைந்தால் ஏ, மஞ்சளில் திரைந்தால் பி, இரண்டிலும் திரைந்தால் ஏபி, ஒன்றிலும் திரையாவிட்டால் ஓ. பேணாட்டின் இரத்தம் இரண்டிலும் திரையவில்லை. என்னுடையதும் திரையவில்லை. பிறகு றீற்றா விரலை நீட்டினாள். மஞ்சள் துளியில் அவள் இரத்தம் புளித்த பால் போலப் பிரிந்து பொருக்குப் பொருக்காக நின்றது.

சிறில் அந்த ஓட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் ஓட்டைப் பார்த்தார். அவர் முகத்தில் கவலை வந்திருந்தால் நான் பின்னாளில் மன்னித்திருப்பேன். வந்தது சந்தோசம். கணக்கு விடை சரிவந்த பிள்ளையின் சந்தோசம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் சாப்பிட இருந்தபோது சிறில் வந்தார். கையில் ஐஸ் போட்ட பிளாஸ்க், அதற்குள் இரண்டு சீசாவும். கக்கத்தில் அந்த ஓடு. முகாமில் பார்த்தது பிழைத்திருக்கலாமாம், இன்னொருமுறை பார்க்க வேண்டுமாம். பேணாட் ஏன் என்றும் கேட்காமல் விரலை நீட்டினார். சோற்றுக் கோப்பைகளைத் தள்ளிவிட்டுச் சிறில் மூன்று பேருக்கும் மேசையிலேயே குத்தினார். அதே விடைதான் வந்தது.

"அண்ணி, ஓவும் ஓவும் சேர்ந்தா ஓ மட்டும்தான் பிறக்கும். பி பிறக்க ஏலாது" என்றார் சிறில். "இது நான் சொல்லுற கதை இல்லை. புத்தகத்தில இருக்கு."

"சொல்ல வந்ததை நேராச் சொல்லுங்கோ" என்றேன்.

"பிள்ளைக்குப் பி வேற எங்கயோ இருந்து வந்திருக்கு."

மாமி கையிலிருந்த கரண்டியைக் கறிச்சட்டிக்குள் வைத்தார். "வளவுக்கையே கலியாணம் கட்டி முடிச்ச சனம். அதுகளிட்டப் பெண் எடுக்க வேண்டாமெண்டு தலைதலையா அடிச்சனான்" என்றார். என் அப்பா தன் மாமன் மகளைக் கட்டியவர். என் ஊரான நிலாவெளியில் வேதக்காரக் குடும்பங்கள் கொஞ்சம். வெளியே மாப்பிள்ளை தேடி அலையாமல் மச்சானுக்கும் மச்சாளுக்கும் மேற்றிராணியாரிடம், அதுதான் ஆயரிடம், அனுமதி வாங்கிக் கட்டிவைப்பார்கள். என் அம்மாவின் தாய் தகப்பனும் அப்படித்தான். மாமிக்கு அது தொடக்கம் முதல் ஒரு இளக்காரம். அன்றைக்கு அதையும் இதோடு சேர்த்துக் குழைத்தார்.

றீற்றா குத்தின விரலை வாயில் வைத்தபடி மேசையிலேயே இருந்தாள். பன்னிரண்டு வயது. எல்லாம் விளங்குகிற வயது. நான் அவளைக் குசினிக்குப் போகச் சொன்னேன், அவள் போகவில்லை.

"இஞ்சருங்கோ, இப்பவே பாலையூற்றுக்குப் போவம்" என்று பேணாட்டிடம் சொன்னேன். "மாதாவின்ர பீடத்தில கை வைச்சு, மெழுகுதிரி பிடிச்சுச் சத்தியம் பண்ணுறன்."

எங்கள் ஆட்களுக்குள் அது பெரிய காரியம். காணிச் சண்டை, களவு, எதுவாக இருந்தாலும் பீடத்தில் கை வைத்து மெழுகுதிரி பிடித்துச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு ஒருவரும் அந்தக் கதையை எடுக்கக்கூடாது. எடுத்தால் எடுத்தவனைத்தான் ஊர் பழிக்கும். பொய்ச் சத்தியம் பண்ணத் துணிந்த ஒருவரையும் நான் கண்டதில்லை. பேணாட்டுக்கும் அது தெரியும். அவர் கதிரையைத் தள்ளி எழும்பினார். சட்டையைத் தேடிச் சுவரைப் பார்த்தார்.

"சத்தியம் இதுக்கை செல்லாது அண்ணி" என்றார் சிறில். "இது விஞ்ஞானம்."

பேணாட் திரும்பவும் கதிரையில் இருந்தார். பதின்மூன்று வருடம் அவரோடு வாழ்ந்ததில் அவர் என்னை அடித்ததில்லை, ஒரு நாளும் ஏசியதில்லை. ஆனால் அவர் அப்படித் திரும்பி இருந்ததை விட ஒரு அடி அடித்திருந்தால் எனக்கு வலி குறைவாக இருந்திருக்கும்.

குற்றவாளி இருந்தால் கூட்டாளியும் வேண்டுமே. மாமி தேடிப் பிடித்தார். கலியாணம் முடித்த புதிதில் நான் மூதூரில் ஒரு வருடம் படிப்பித்தேன். தினமும் குடாவைக் கடந்து மோட்டர் லோஞ்சில் போய் வருவேன். லோஞ்சு ஓட்டியவர் ஸெய்னுதீன். மாரிக் கடலில் அலை அடித்தால் டீச்சர்மார் நனையாமல் இருக்க ஒரு படங்குச் சீலையைத் தூக்கிக் கட்டிவிடுவார். ஒருநாள் ஜெட்டிக்கு வந்த மாமி அதைக் கண்டிருக்கிறார். அந்தச் சீலையை இத்தனை வருடமாக மனதில் மடித்து வைத்திருந்தார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சிறில் பிளாஸ்கையும் ஓட்டையும் எடுத்துக்கொண்டு ஜெட்டிக்குப் போனார். இலவசப் பரிசோதனை என்று ஸெய்னுதீனிடம் விரலைக் கேட்டார். அந்த மனுசன் பாவம், எண்ணெய்க் கையை மேல்துவாயில் துடைத்துவிட்டு நீட்டியிருக்கிறார். பி வந்தது. எங்கள் சனத்தில் நாலு பேரை நிறுத்தினால் ஒருவருக்குப் பி இருக்கும் என்று முகாமில் மைக்கைப் பிடித்துச் சொன்னவரே சிறில்தான். மேற்றிராணியாரின் விரலைக் குத்தியிருந்தாலும் பி வந்திருக்கலாம். ஆனால் குத்தியது ஸெய்னுதீனின் விரலை. அத்தோடு என் வழக்குத் தீர்ந்தது.

ஸெய்னுதீனுக்கு விசயம் தெரியவர ஒரு மாதம் எடுத்தது. அவர் சண்டைக்கு வரவில்லை. அடுத்த முறை சிறில் மூதூருக்குப் போக ஜெட்டியில் நின்றபோது, "மாஸ்டர், ஒங்களுக்கு இனி என்ட லோஞ்சில இடமில்ல. நீந்திப் போங்க" என்றாராம். இந்தக் கதையில் எனக்குச் சிரிப்பு வந்த இடங்களில் இது ஒன்று.

பேணாட் என்னை வீட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை. அதைச் சொல்லவும் ஒரு துணிவு வேண்டும். றீற்றா தேத்தண்ணி கொண்டுபோனால் வாங்கி மேசையில் வைப்பார், குடிக்கமாட்டார். அவள் முகத்தில் யாருடைய மூக்கு, யாருடைய காது என்று தேடுவார். அவள் நிமிர்ந்தால் பார்வையைத் திருப்புவார். அவள் கோவிலில் உறுதிப்பூசுதல் எடுத்த நாளில் வேலை இருக்கிறது என்று துறைமுகத்துக்குப் போய்விட்டார். அன்றைக்கு ஜெட்டியில் ஒரு கப்பலும் இல்லை. ஓர்ஸ் ஹில்லில் நின்று பார்த்த எல்லோருக்கும் அது தெரிந்தது. வெள்ளைச் சட்டையும் முக்காடுமாக நின்ற பிள்ளை, ஸ்டூடியோவில் படம் எடுக்கிறவர் "அப்பா எங்க?" என்று கேட்டபோது, "வரமாட்டார், எடுங்கோ" என்றாள். அன்றைக்குப் பின்னேரமே நான் உடுப்புகளைக் கட்டிக்கொண்டு அவளோடு நிலாவெளிக்கு அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அண்ணன் கிறிஸ்தோபர் உப்பளத்தில் வேலை. அதிகம் கதைக்காதவர். அறையைக் கூட்டித் தந்தார்.

அங்கே போய்ச் சில மாதத்தில் எனக்கு வருத்தம் கண்டது. கர்ப்பப்பையில் கட்டி, இரத்தம் நிற்காமல் போனது. கண்டிப் பெரிய ஆசுப்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஒப்பிரேசனுக்கு முதல் இரத்தம் ஏற்ற வேண்டும். ஓ என்றார்கள், ஓ போத்தல் எடுத்து என் இரத்தத்தோடு சேர்த்துப் பார்த்தார்கள். திரைந்தது. வேறு போத்தல். அதுவும் திரைந்தது. அண்ணன் பேணாட்டுக்குத் தந்தி அடித்தார். பேணாட் வந்தார், தன் இரத்தத்தில் ஒரு போத்தல் கொடுத்தார், நான் கிடந்த வாட்டுக்குள் கால் வைக்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார். அவருடைய இரத்தமும் என்னுடையதோடு திரைந்தது. அதை ஏற்றியிருந்தால் நான் செத்திருப்பேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அது புதினமாகப் படவில்லை.

கடைசியில் இரத்த வங்கி டாக்டர் கனகரத்தினம் அண்ணனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அண்ணனின் இரத்தம் மட்டும் என்னுடையதோடு திரையாமல் நின்றது. அந்த ஒரு போத்தலை வைத்துக்கொண்டு என்னை வெட்டித் தைத்தார்கள்.

நான் எழும்பி இருக்கத் தொடங்கின பிறகு டாக்டர் வந்து கட்டில் ஓரம் நின்றார்.

"அம்மா, உங்கட தாய் தகப்பன் சொந்தத்துக்கையோ கட்டினவை?"

"ஓம். மச்சானும் மச்சாளும். ஏன், அதுவும் குற்றமோ?"

"குற்றமில்லை. உங்கட இரத்தம் ஓ இல்லை. ஓ மாதிரித் தெரியுது, அவ்வளவுதான்." அவர் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். "ஏ, பி எண்டுறது சுவர் மாதிரி. சுவர் எழும்ப அத்திவாரம் வேணும். மற்ற எல்லாருக்கும் அந்த அத்திவாரம் இருக்கு. உங்களுக்கும் அண்ணைக்கும் இல்லை. அதால உங்களுக்குள்ள பி இருந்தாலும் வெளியில தெரியாது. பம்பாயிலதான் முதல் கண்டுபிடிச்சவை, ஒரு இருபது வருசம் இருக்கும். கன பேருக்கு இன்னும் தெரியாது. சொந்தத்துக்கை கட்டின குடும்பங்களிலதான் கூட வரும்."

"டாக்டர், அந்த மறைஞ்சிருக்கிற பி பிள்ளைக்குப் போகுமோ?"

"போகும். தகப்பன் பக்கத்தால அத்திவாரம் கிடைச்சாப் பிள்ளையில வெளிச்சமாத் தெரியும்."

நான் சிரித்தேன். தையல் பிரிந்துவிடும் என்று தாதி ஓடிவந்து வயிற்றை அமர்த்திப் பிடித்தாள். சிரித்து முடிய அழுகை வந்தது. டாக்டருக்கு எல்லாவற்றையும் சொன்னேன், ஓட்டையும், சீசாவையும், படங்குச் சீலையையும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்களைக் குற்றம் சொன்னவைக்கு ஒரு ஆதாரமும் இல்லை அம்மா."

"அப்ப தகப்பன் ஆரெண்டு இது சொல்லுமோ?"

"அதை இது சொல்லாது" என்றார். "அதைச் சொல்லுற பரிசோதனை எங்களிட்ட இல்லை. உங்கட வாய்தான் இருக்கு."

நான் ஊர் திரும்பிய கிழமையே அண்ணன் ஓர்ஸ் ஹில்லுக்குப் போனார். வாழ்நாளில் ஒரு கூட்டத்தில் எழும்பிக் கதைக்காதவர், உப்பில் வெடித்த காலோடு டியூட்டரி விறாந்தையில் ஏறி, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, "பிள்ளையள், உங்கட மாஸ்டர் படிப்பிச்ச பாடத்தில பாதி இல்லை. மிச்சத்தை நான் சொல்லுறன்" என்று தொடங்கினாராம். அண்ணனுக்கு அந்த அத்திவாரக் கதை முழுக்கப் பாடம். சொல்லிவிட்டு வந்து கிணற்றடியில் கால் கழுவினார். எனக்கு அவரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

மாமி கடைத்தெருவில், "நான் அப்பவே சொன்னன், அவளின்ர இரத்தத்திலதான் பிழையெண்டு" என்று சொல்லித் திரிவதாகக் கேள்விப்பட்டேன். அவரைத் திருத்த எந்தப் பம்பாயாலும் ஏலாது.

இரண்டு கிழமை கழித்துப் பேணாட்டும் சிறிலும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பேணாட்டின் கையில் ஒரு பிஸ்கட் பெட்டி. அவர் படலையடியிலேயே நின்றார், மெலிந்திருந்தார். சிறில் நேரே விறாந்தைக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். கண் மினுங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணி, நான் தேடிப் படிச்சிட்டன். உண்மைதான். உங்களைப் போல ஆக்கள் பத்தாயிரத்தில ஒருத்தர் கூட இல்லை." பையைத் திறந்தார். அதே பிளாஸ்க். அதே வெள்ளை ஓடு. "ஒரு துளி காணும். என்ர பிள்ளையளுக்குக் காட்ட வேணும். இலங்கையில எந்த டியூட்டரியிலயும் இது இல்லை."

"நீங்கள் மன்னிப்புக் கேக்க வந்தனீங்களோ, இரத்தம் கேக்க வந்தனீங்களோ?"

"என்னில என்ன பிழை அண்ணி? என்ர புத்தகத்தில அது இருக்கேல்லை."

அவர் அதை மனதாரச் சொன்னார். அதுதான் எனக்குக் கூடக் கொதித்தது.

பேணாட் அப்போதுதான் வாய் திறந்து என் பெயரைச் சொன்னார். "இன்பம், நடந்தது நடந்து போச்சு. வீட்டை வா. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா."

"ஆரின்ர பிள்ளையெண்டு கூட்டிக்கொண்டு போகப்போறியள்?"

"என்ர பிள்ளையெண்டு. எல்லாம் தெளிஞ்சிட்டுதுதானே."

நான் சிறிலின் பக்கம் திரும்பினேன். "மாஸ்டர், தெளிஞ்சிட்டுதோ? புத்தகப்படி சொல்லுங்கோ."

சிறிலிடம் ஒரு குணம் உண்டு. கேள்வி கேட்டால் விடை சொல்லாமல் இருக்க ஏலாது. "பி அண்ணியிட்ட இருந்து வந்திருக்கலாம். அப்பிடியெண்டா அண்ணன் தகப்பனா இருக்க ஏலும்." கொஞ்சம் யோசித்தார். "ஆனா ஆரும் தகப்பனா இருக்க ஏலும். ஆரெண்டு விஞ்ஞானத்தால சொல்ல ஏலாது."

பேணாட்டின் முகம் கறுத்தது. பஸ்ஸில் வரும்போது இதை இருவரும் கதைக்கவில்லைப் போலும். படலையைத் திறந்து உள்ளே வந்தார். என் முன்னால் வந்து, தாழ்ந்த குரலில், "நீதானே முந்திச் சொன்னனீ. பாலையூற்றுக்குப் போவம். பீடத்தில கை வைச்சு ஒருக்காச் சொல்லு. எனக்கு அது காணும்" என்றார்.

எனக்கு அவரைப் பாவமாக இருந்தது. பொய் சொல்லவில்லை, உண்மையாகவே பாவமாக இருந்தது. ஒரு சொல் சொன்னால் அந்த மனுசன் நிம்மதியாகச் சோறு தின்பார். அந்தச் சொல் உண்மையானது, நாக்கு நுனியில் நின்றது. ஆனால் அதே சொல்லை நான் கையில் ஏந்திக் கொடுத்த நாளில் அவர் எழும்பி நின்று, திரும்பவும் கதிரையில் இருந்தார். பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க இருந்தார்.

"சத்தியம் இதுக்கை செல்லாது" என்றேன். "இது விஞ்ஞானம்."

அவர் சிறிலைப் பார்த்தார். சிறில் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

அப்போது றீற்றா உள்ளிருந்து வந்தாள். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நான் அவளை அனுப்பவுமில்லை, தடுக்கவுமில்லை. நேரே சிறிலின் முன்னால் போய், அந்த ஓட்டின் மேலே வலது கை விரலை நீட்டினாள்.

"குத்துங்கோ சித்தப்பா. நான் ஆரெண்டு வடிவாப் பாத்து அவருக்குச் சொல்லுங்கோ."

அவருக்கு என்றாள். அப்பாவுக்கு என்று சொல்லவில்லை. பேணாட் "மகள்" என்று ஒரு அடி முன்னால் வைத்தார். அவள் திரும்பவில்லை. விரல் ஓட்டின் மேலேயே நின்றது. எல்லாம் தெரிந்த சிறிலுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஓட்டை அவள் விரலுக்குக் கீழேயிருந்து மெல்ல இழுத்துப் பைக்குள் வைத்தார்.

இருவரும் றோட்டுக்கு நடந்தார்கள். திருகோணமலை பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. பேணாட் வைத்த பிஸ்கட் பெட்டி விறாந்தைத் திண்ணையிலேயே கிடந்தது. றீற்றா அதை எடுத்துக்கொண்டு ஓடினாள். பேணாட் நின்று திரும்பி இரண்டு கையையும் நீட்டியதை நான் பார்த்தேன். அவள் பெட்டியை அந்தக் கைகளில் வைத்துவிட்டு நடந்து வீட்டுக்கு வந்தாள்.